அனுப்புதலும் காத்தலும்

விழா மலர்களுக்குக் கட்டுரை எழுதுவோர் கல்லூரியின் கட்டடங்களையும் விளையாட்டு வெற்றிகளையும் அதிபர்களின் அருந்தொண்டுகளையும் எடுத்துரைப்பது வழக்கம். அவற்றை எழுதவல்லார் பலர் உளர். நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது, அதிபரின் அலுமாரியிலே பிறர் கண்ணிற் படாது கிடக்கும் தடித்த புத்தகம் ஒன்றைப் பற்றியும், அதன் வழியில் வந்து இன்று உலகெங்கும் பெருகியிருக்கும் வேறொரு வகைப் பதிவைப் பற்றியுமாம். முன்னையது சம்பவத் திரட்டுப் புத்தகம். பின்னையது கணினிகள் எழுதும் சம்பவத் திரட்டு.

பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை ஆசிரியர் யாவரும் அறிவர். புதிய ஆசிரியர் கடமை ஏற்றது, கல்வி அதிகாரி வந்து சென்றது, வெள்ளத்தினால் விடுமுறை விட்டது, களவு போனது ஆகிய யாவும் நாளும் நேரமும் ஒப்பமும் இட்டு அதிலே எழுதப்படும். ஆசிரிய கலாசாலையில் எமக்கு இதற்கெனச் சில விதிகள் கற்பித்தனர். தாளைக் கிழித்தலாகாது, எழுதியதைச் சுரண்டுதலாகாது, பிழை நேர்ந்தால் ஒரு கோடு கீறி அருகிலே ஒப்பமிடல் வேண்டும், பின்னர் எழுதலாம் என இடம் விடுதலாகாது. அன்று இவை வெறும் அலுவலக ஒழுங்குகளாகவே எமக்குத் தோன்றின. இத்தகைய புத்தகம் இன்றைக்கென எழுதப்படுவதன்று என்பதும், என்றோ ஒரு நாள் ஒருவர் ஐயுற்று வினவும்போது விடை கூறுதற்கென எழுதப்படுவது என்பதும் பின்னரே விளங்கின.

தமிழாசிரியருக்குக் கணினியோடு என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்துக்கு மேல் எமக்குக் கணினித் துறையில் யாதொரு தகுதியுமில்லை. ஆயினும், நம் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கணினிகளைப் பேணும் தொழிலில் உள்ளனர். அவருள் எம்மிடம் இலக்கணம் கற்ற ஒருவருக்கு நேர்ந்த இடரே எம்மை இவ்விடயத்தில் ஈடுபடுத்திற்று. அதனைக் கூறுமுன் பொருளைச் சிறிது விளக்குதல் முறையாகும்.

கணினி ஒன்றினுள் ஒருவர் புகுந்தால் ஒரு வரி. கடவுச்சொல் பிழைத்தால் ஒரு வரி. கணக்கேடு திறக்கப்பட்டால் ஒரு வரி. நிரலொன்று பழுதுபட்டு நின்றால் மேலும் ஒரு வரி. இவ்வாறு இரவும் பகலும் கணினி தன் செயல்களைத் தானே எழுதிச் செல்கின்றது. தொழிலறிந்தோர் இதனை லொக் என்பர். வெவ்வேறு நிரல்கள் ஒரே முறையில் இத்திரட்டை எழுதுதற்கு வழிகாட்டிய சிஸ்லொக் என்னும் ஏற்பாட்டை, 1980களிலே அமெரிக்காவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் எரிக் அல்மன் என்பவர், செண்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் நிரலுக்குத் துணையாக ஆக்கினார். நாளும் நேரமும், எழுதிய நிரலின் பெயரும், நிகழ்ந்ததும் ஒரு வரியில் அடங்கும் அம்முறை நம் சம்பவத் திரட்டுப் புத்தகத்தின் முறையேயாகும்.

இத்திரட்டு எழுதப்பட்ட கணினியிலேயே கிடத்தல் நன்றன்று. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இடம் போதாது. பழைய வரிகள் சில நாள்களில் அழிக்கப்பட்டுப் புதியவற்றுக்கு இடங்கொடுக்கும். இரண்டாவது, கணினி பழுதுபட்டால் ஏன் பழுதுபட்டது எனக் கூறவேண்டிய திரட்டும் அதனுடன் அழியும். மூன்றாவது, கணினியினுட் புகும் கள்வர் தம் அடிச்சுவட்டை அழிக்கும் பொருட்டு முதலில் அழிப்பது அத்திரட்டையே. ஆதலின் எழுதப்பட்டதை உடனுக்குடன் வேறிடத்துக்கு அனுப்பிவைத்தல் அறிவுடைமை எனக் கண்டனர்.

அவ்வேறிடம் இன்று பெரும்பாலும் முகிற் களஞ்சியமாகும். ஒப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என வழங்கும் இவ்வகைக் களஞ்சியங்களுள் பெயர்பெற்ற எஸ்-3 என்பதை அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சு மாதத்தில் தொடங்கிற்று. இங்கே ஏடொன்றைத் திறந்து இடையிலே ஒரு வரியை எழுதிச் சேர்ப்பது என்பதில்லை. முழுப் பொருளாக ஒன்றை வைத்தல், முழுப் பொருளை மாற்றி வைத்தல், எடுத்தல், அழித்தல் என்பனவே செயல்கள். பொருள்களை இட்டு வைக்கும் பகுதியைப் பக்கெட், அதாவது வாளி, என்பர். ஒவ்வொரு பொருளுக்கும் நீண்ட பெயருண்டு. பெயரின் நடுவே வரும் சாய்கோடுகள் அடுக்கடுக்கான அறைகள் போலத் தோன்றினும், உண்மையில் அறைகள் யாதுமில்லை, பெயரே இடமாகும். வைக்கப்பட்ட பொருள் ஓராண்டில் அழியாதிருக்கும் உறுதி நூற்றுக்கு 99.999999999 ஆகுமாறு இக்களஞ்சியம் அமைக்கப்பட்டுள்ளதென அந்நிறுவனம் கூறுகின்றது. தசமப் புள்ளியின் பின் ஒன்பது ஒன்பதுகள். இவ்வுறுதியைக் கேட்டு மயங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அது வந்து சேர்ந்த பொருளுக்கு அளிக்கப்பட்ட உறுதி. வந்து சேராத பொருளுக்கு அன்று.

கணினிக்கும் களஞ்சியத்துக்கும் இடையிலே வரிகளைச் சுமந்து செல்லும் நிரல்கள் சில உள. 2011 இல் தோன்றிய புளூவென்ட்-டி, அதன் வழிவந்த புளூவென்ட் பிட், லொக்ஸ்டாஷ், வெக்டர் என்பன அவற்றுட் சில. இவ்வழியைத் தொழிலறிந்தோர் பைப்லைன் என்பர். நாம் வாய்க்கால் என்போம். கிணற்றிலிருந்து வெங்காயப் பாத்திக்கு இறைக்கும் எம் கமக்காரர் இதனை எளிதில் உணர்வர். எங்கிருந்து நீரை எடுப்பது, இடையிலே குப்பையை எங்கே மறிப்பது, எந்தப் பாத்திக்கு விடுவது என்பன மூன்றும் கணினியில் ஒரு சிறிய ஒழுங்கமைப்புக் கோப்பிலே எழுதப்படுகின்றன. முப்பது வரிகளில் அடங்கிவிடும் கோப்பு அது. அம்முப்பது வரிகளில் ஒருவரின் மானமே தங்கியிருத்தல் கூடும் என்பதை நாம் பின்வரும் நிகழ்ச்சியால் அறிந்தோம்.

எம் மாணவர் ஓர் அலுவலகத்திலே கணினிப் பணியில் இருந்தார். ஒரு நாள் கணக்கேட்டில் ஒரு தொகை மாற்றப்பட்டிருக்கக் கண்டனர். மாற்றம் அவருடைய பெயரிலே, இரவு வேளையில், நிகழ்ந்திருந்தது. தாம் அவ்வேளை வீட்டிலே உறங்கிக்கொண்டிருந்ததாக அவர் கூறினார். எந்தக் கணினியிலிருந்து அப்பெயரில் ஒருவர் புகுந்தார் என்பதைச் சம்பவத் திரட்டு ஒன்றே கூறவல்லது. திரட்டோ முகிற் களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டு வருகின்றது என யாவரும் நம்பியிருந்தனர். அங்கே சென்று பார்த்தபோது, கடைசிப் பொருள் மூன்று மாதங்களுக்கு முந்திய திகதியைக் காட்டிற்று. நிகழ்ந்தது இதுவே: பாதுகாப்பின் பொருட்டுக் களஞ்சியத்தின் திறவுச்சொல்லை ஒருவர் மாற்றியிருந்தார், புதிய சொல்லை வாய்க்காலின் கோப்பிலே எழுத மறந்தார். அன்று தொட்டுச் சுமக்கும் நிரல் களஞ்சியத்தின் வாயிலிலே தடுக்கப்பட்டு, சில முறை முயன்று, சுமையைக் கைவிட்டு வந்தது. அதனையும் அது மறைக்கவில்லை. தன் திரட்டிலே முறையாக எழுதிற்று. அத்திரட்டை வாசிப்பாரில்லை. கணினியிலிருந்த மூலமும் வழக்கம்போல அழிந்துவிட்டது.

அவர் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் ஐயம் நீங்கவில்லை. அவரோடு சிரித்துப் பேசியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினர். ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டார். கோயில் வீதியிலே எம்மைக் கண்டபோது அவர் கூறிய வார்த்தை இன்றும் எம் செவியில் நிற்கின்றது: “சேர், நாங்கள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை.” இதுவே நாம் இக்கட்டுரையால் வற்புறுத்த விரும்புவது. அனுப்புதல் வேறு; காத்தல் வேறு. அனுப்புதலை நிரல் செய்யும். காத்தலை மனிதரே செய்தல் வேண்டும். வாய்க்காலின் தலைப்பிலே நின்று நீர் ஓடுகின்றது என மகிழ்பவர் கமக்காரரல்லர். கடைசிப் பாத்தி நனைந்ததா எனச் சென்று பார்ப்பவரே கமக்காரர்.

இதன் பின்னர், இத்தொழிலில் தேர்ந்த வேறொரு பழைய மாணவரை அழைத்து, அவர் கோப்பை எழுதும்போது அருகில் இருந்து கேட்டறிந்தோம். அவர் கையாண்டது புளூவென்ட் பிட். அனுப்பவேண்டிய வாளியின் பெயரும் பிரதேசமும் எழுதினால் அது வேலை தொடங்கிவிடும். எழுதப்படாத யாவற்றுக்கும் நிரலை ஆக்கியோர் தாமே ஒரு விடை வைத்துள்ளனர். வரிகளை 100 மெகாபைட் சேரும் வரையோ, 10 நிமிடம் கழியும் வரையோ தேக்கிவைத்து, பின்னர் ஒரு பொருளாக ஏற்றுக என்பது அவ்விடைகளுள் ஒன்று. தேக்கும் இடம் கணினியின் தற்காலிகப் பகுதி என்பது மற்றொன்று. பல கணினிகளில் அப்பகுதி, கணினி மீண்டும் தொடங்கும்போது துடைக்கப்படுவது. ஆகவே மின்சாரம் தடைப்பட்டு மீளும் வேளையில், தேங்கி நின்ற வரிகள் போய்விடலாம். கணினி ஏன் நின்றது எனக் கூறும் வரிகள் அவற்றிலே தானே இருக்கும்? துடைக்கப்படாத இடமொன்றைக் கோப்பிலே குறித்தல் ஒரே வரி வேலை. பிறர் வைத்த விடை பிழையானதன்று. அது எம் நிலையை அறியாதார் வைத்த விடை. அதனை வாசித்து ஏற்பதும் மாற்றுவதும் எம் கடன்.

அடுத்தது பெயரும் நேரமும். பெயரே இடமாகும் களஞ்சியத்தில், ஆண்டு, மாதம், நாள், மணி என்னும் ஒழுங்கில் பெயரிடாத திரட்டு, கிணற்றிற் போட்ட கல்லைப் போன்றதே. எந்தக் கணினி எழுதியது என்பதும் பெயரிலே வருதல் வேண்டும். அன்றியும் அந்நேரம் எந்நாட்டு நேரம் என்பது ஐயமற விளங்குதல் வேண்டும். இதன் அருமையை நம் நாட்டவர் நன்கறிவர். 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டது. 2006 ஏப்பிரலிலே பழைய நேரத்துக்கு மீண்டோம். அப்பத்தாண்டுகளில் எழுதப்பட்ட நேரத்தை வாசிப்பவர் நாளையும் உடன் நோக்காது பொருள்கொள்ளுதல் இயலாது. இக்காரணம் பற்றியே சர்வதேச நேரத்தில் எழுதுதல் நன்றென்பர். ஆனால் அவ்வாறு எழுதினால், நம் நாட்டில் 15 ஆந் திகதி அதிகாலை 4 மணிக்கு நிகழ்ந்தது, 14 ஆந் திகதி இரவு 10.30 என்னும் பெயரின் கீழ்க் கிடக்கும். தேடுவார் அறியுமாறு இதனை ஓரிடத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.

இனி, எதனை அனுப்பலாகாது என்னும் வினா. சம்பவத் திரட்டுப் புத்தகத்திலே மாணவனின் குற்றத்தைக் குறிக்கும் அதிபர், அவன் வீட்டு வறுமையை அதிலே எழுதார். கணினிக்கு அவ்விங்கிதம் இல்லை. கடவுச்சொல்லும் அடையாள அட்டை இலக்கமும் நோயும் கடனும் அதற்கு ஒன்றே. 2018 மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம், தன் உட்திரட்டு ஒன்றிலே கடவுச்சொற்கள் மறைக்கப்படாது எழுதப்பட்டிருந்தன எனத் தானே அறிவித்து, 33 கோடிக்கு மேற்பட்ட தன் பயனாளர் யாவரையும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம். ஆதலின் வாய்க்காலின் நடுவிலே வடிகட்டும் பகுதி இன்றியமையாதது. இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பற்றிய தரவைத் தேவைக்கு மிஞ்சித் திரட்டலாகாது, வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது என்னும் நெறிகளை வகுத்துள்ளது. சட்டம் வருமுன்னரே நம் பெரியோர் பிறர் மறைவைக் காத்தலை ஒழுக்கமாகக் கொண்டனர்.

அழிக்கும் உரிமை யாருக்கு என்பது அடுத்த வினா. சுமக்கும் நிரலுக்குப் பொருளை வைக்கும் உரிமை ஒன்றே போதும். வாசிக்கவும் அழிக்கவும் அதற்கு உரிமை வேண்டியதில்லை. சோம்பலினால் எல்லா உரிமைகளையும் ஒருங்கே கொடுத்துவிடுவோர் பலர். அத்திறவுச்சொல் கள்வர் கையிற் சேரின், வேறிடத்தில் வைத்ததன் பயனே அற்றுப்போம். இன்னும் ஒரு நுட்பமுண்டு. வைக்கும் உரிமை மட்டும் உடையவரும், பழைய பொருளின் பெயரிலேயே புதியதொன்றை வைத்துப் பழையதை மறைத்தல் கூடும். பழைய வடிவங்களையும் விடாது வைத்திருக்கும் ஏற்பாட்டை வாளிக்கு விதித்தால் இக்குறை நீங்கும். குறித்த காலம் முடியுமட்டும் எவரும், கணக்கின் தலைவருங்கூட, அழிக்கவியலாத பூட்டொன்றையும் அமேசான் நிறுவனம் 2018 இல் ஏற்படுத்திற்று. தாளைக் கிழித்தலாகாது என்னும் கலாசாலை விதியே அங்கு வேறு வடிவில் நிற்கின்றது. ஆனால் வடிகட்டாத திரட்டைப் பூட்டுவோர், பிறர் மறைவையும் அழிக்கவியலாதவாறு பூட்டிவிடுவர் என்பதை நினைவிற் கொள்க. வடிகட்டிய பின்னரே பூட்டுதல் முறை.

எத்துணைக் காலம் வைத்திருப்பது? இதற்கு விடை நிரலில் இல்லை. அலுவலகத்தின் தேவையில் உள்ளது. அண்மைய திரட்டை உடனெடுக்கும் இடத்திலும், பழையதைக் கட்டணம் குறைந்த இடத்திலும் வைத்து, காலம் முடிந்ததை நீக்குமாறு விதி எழுதிவிடலாம். கட்டணம் மிகக் குறைந்த வகையிலே வைத்த பொருளை மீட்டெடுக்க 12 மணித்தியாலம் வரை செல்லும். 180 நாளுக்கு முன்னர் அழித்தாலும் அந்நாள்களுக்குரிய கட்டணம் உண்டு. இவற்றை அறியாது மலிவை நாடுவோர், விசாரணை நாளன்று கைகட்டி நிற்பர். இன்னுமொன்று: பெரிய பொருளைப் பகுதி பகுதியாக ஏற்றும்போது இடையிலே நின்றுபோன துண்டுகள், பட்டியலிலே தோன்றாது கிடந்து கட்டணத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கும். அவற்றைச் சில நாளில் நீக்கும் விதியையும் எழுதிவைத்தல் நன்று.

இவை யாவற்றினும் தலையாயது மீட்டு வாசித்தல். தவணைக்கு ஒரு முறையேனும், முன்னறிவிப்பின்றி ஒரு நாளைக் குறித்து, அந்நாளின் திரட்டைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, சுருக்கத்தை விரித்து, நிகழ்ந்தது தெரிந்த ஒரு செயலை அதிலே தேடிக் கண்டெடுத்தல் வேண்டும். கண்டெடுத்தவர் தம் பெயரையும் நாளையும் எழுதி ஒப்பமிடல் வேண்டும். அன்றியும், அரை மணித்தியாலமாகப் புதிய பொருள் யாதும் வந்து சேராவிடின் ஒருவருக்கு அறிவிக்குமாறு வாய்க்காலுக்குப் புறம்பே ஒரு காவல் வைத்தல் வேண்டும். வாய்க்காலே தன் உடைப்பை வந்து கூறும் என எதிர்பார்த்தலாகாது. எம் மாணவர் விடயத்தில் இக்காவல் இருந்திருப்பின், மூன்று மாதப் பிழை முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும்.

இவ்வளவு கவனம் பெரிய நிறுவனங்களுக்கே உரியது, சிறிய அலுவலகத்துக்கு மிகையானது என்பார் உளர். நாம் அதனை ஒப்புக்கொள்வதற்கில்லை. பெரிய நிறுவனத்திலே ஒரு சான்று தவறினால் வேறு சான்று கிடைக்கும், சட்டத்தரணியரும் உளர். சிறிய இடத்தில், சம்பளம் குறைந்த இளைஞர் ஒருவருக்கு அத்திரட்டே சட்டத்தரணி. வேறு சிலர், வடிகட்டுதலும் வேண்டா, காலவரையும் வேண்டா, எல்லாவற்றையும் என்றும் வைத்திருப்போம். இடம் மலிவுதானே என்பர். இதுவும் காத்தலன்று. குப்பையும் நெல்லும் ஒரே கொம்பறையில் கொட்டியவர் பசித்த நாளில் நெல்லைக் காணார். மேலும், பணியாளரின் ஒவ்வோர் அசைவையும் காரணமின்றித் திரட்டிவைத்திருத்தல் காவலன்று, வேவு. எதற்கு விடை கூற வேண்டிவரும் என முன்னரே எண்ணி, அதற்கு வேண்டியதை மட்டும் பழுதின்றிக் காத்தலே நேர்மையான இடைவழி.

ஒரே இடத்தில் வைத்ததன் துயரை நம்மினும் அறிந்தார் யாவர்? 1981 மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் முன்னர், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885 இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இலே கலித்தொகையையும் அச்சேற்றியபோது, ஓர் ஏட்டை மட்டும் நம்பினாரல்லர்; பல இடங்களிலிருந்து பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினார். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாம் பள்ளிச் சிறுவர். எம் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியை விட்டுவிட்டு, பாடசாலையின் சேர்விடாப்பைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு வந்தார். பின்னாளில் எம் படிப்புக்கும் பிறந்த திகதிக்கும் அவ்விடாப்பே சான்றாயிற்று. இன்று எஸ்-3 களஞ்சியத்தின் வழக்கமான வகை, ஒரு பொருளை ஒரு பிரதேசத்தினுள் குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களில் வைக்கின்றது. அது பெரும் பேறே. ஆயினும் அக்கணக்கு ஒரு தனியாளின் பெயரிலே இருந்து, அவர் வேலை மாறிக் கட்டணம் செலுத்தாதுவிடின், மூன்று இடங்களும் ஒருங்கே மூடப்படும். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருத்தலும், திறவுகோல் இருவர் அறிவில் இருத்தலும், கட்டண நாளை ஒருவர் பொறுப்பேற்றலும் வேண்டும்.

ஆதலின் நம் பழைய மாணவரிடம் நாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, எந்நாட்டில் எந்நிறுவனத்தில் இத்தொழில் செய்வோராயினும், வாய்க்காலை அமைத்த அன்றே வேலை முடிந்தது எனக் கொள்ளாதீர். கோப்பிலே எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எழுதாதுவிட்ட ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதிவையுங்கள். தவணைக்கு ஒரு முறை மீட்டு வாசியுங்கள். இரண்டாவது, நம் கல்லூரியின் கணினிகளும் இன்று மாணவர் புள்ளிகளையும் வரவையும் ஏந்தி நிற்கின்றன. அவற்றின் சம்பவத் திரட்டைக் காக்கும் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கம் ஏற்று, மீட்டு வாசித்த நாளையும் பெயரையும் அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலே எழுதி ஒப்பமிடும் வழக்கத்தைத் தொடங்குமாயின், அது எம் விழாவுக்கு ஏற்ற தொண்டாகும்.

வேலையை விட்ட எம் மாணவர் இப்பொழுது வேறோரிடத்தில் நன்னிலையில் உள்ளார். அங்கே அவர் முதற்செய்த வேலை, களஞ்சியத்திலிருந்து ஒரு நாளின் திரட்டை எடுத்து வாசித்தது எனக் கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். அவர் பெயரைத் துலக்கவல்ல அப்பழைய வரி மட்டும் இனி எங்கும் கிடையாது. மற்றொருவருக்கு அந்நிலை நேராதிருத்தல் நம் கையில் உள்ளது.